ஈயம்தானே என்று இருந்துவிடாதீர்கள்!

கோடை லீவுக்கு ஏற்காடு போயிருக்கிறீர்கள். சுமார் 1,500 மீட்டர் உயரம். சேர்வராயன் மலையில் மழை பெய்து பனிமூட்டம் இறங்கினால் ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிடுகிறோம். உள்ளே எட்டாவது படிக்கும் உங்கள் பையன் சால்டரிங் அயர்னும் கையுமாக உட்கார்ந்திருக்கிறான். "என்னடா பண்றே?" என்றால், "லைட் கேம்மா!" என்கிறான்.

தடுக்காதீர்கள். நல்ல பொழுதுபோக்குதான். 555 என்ற ஐ.சி. விட்டுவிட்டு மின்துடிப்பு அனுப்பும். 4017 என்ற ஐ.சி. அதை எண்ணிப் பத்து எல்.இ.டி. விளக்குகளை ஒவ்வொன்றாக எரிய வைக்கும். பட்டனை அழுத்தினால் வெளிச்சம் ஓடும், விட்டால் நிற்கும். சொன்ன விளக்கில் நிறுத்தினால் ஜெயம்!

முதலில் இணைப்புகளைத் தாளில் வரைய வேண்டும். பிறகு செம்புத் தகடு ஒட்டிய போர்டில் அழியாத மார்க்கரால் அதே கோடுகள். ஃபெரிக் குளோரைடு கரைசலில் போட்டால் மை படாத செம்பு கரைந்துவிடும். (பிளாஸ்டிக் தட்டில்தான், சமையல் பாத்திரம் கூடாது. கையுறை கட்டாயம்.) அப்புறம் துளை போட்டு, பாகங்களைப் பற்றவைப்பது.

இங்கேதான் கவனம் வேண்டும். "ஈயம்தானே! ஈயச் சொம்பிலே ரசம் வைக்கலியா?" என்பார் பாட்டி. பெயர்தான் ஒன்று. ரசம் வைக்கும் சொம்பு வெள்ளீயம். சாதாரண சால்டர் கம்பியிலோ 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம். காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

"அப்போ அந்தப் புகை?" அது பெரும்பாலும் கம்பிக்குள் இருக்கும் பைன் மரப் பிசின். அயர்ன் முனையின் சூடு சுமார் 350 டிகிரி. அந்தச் சூட்டில் காரீயம் ஆவியாவது மிகமிகக் குறைவு. ஆனால் பிசின் புகை ஆஸ்துமாவைத் தூண்டும். காரீயம் உள்ளே போவது விரல் வழியாக!

என்ன செய்யலாம்?

* கம்பியைப் பல்லில் கடித்துப் பிடிக்கவே கூடாது.
* வேலை நடக்கும் மேஜையில் முறுக்கு, காபி வேண்டாம்.
* முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, மேஜையை ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.
* சின்னக் குழந்தையும் கர்ப்பிணியும் பக்கத்தில் வேண்டாம். பெரியவர்களைவிடக் குழந்தையின் உடம்பு காரீயத்தை 4, 5 மடங்கு உறிஞ்சும்.
* கம்பி நறுக்கும்போது துண்டு தெறிக்கும், கண்ணாடி அணியட்டும்.
* சூடு பட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பேஸ்ட், இங்க் தடவாதீர்கள்.

காரீயம் இல்லாத கம்பி கிடைத்தால் உத்தமம். அதிலும் புகை உண்டு. ஆகவே, குளிருதா? பையனுக்கு ஸ்வெட்டரை மாட்டிவிட்டு, ஜன்னலைத் திறந்து வையுங்கள்!