விசும்பலின் கணக்கு

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காந்தி சிலைப் பக்கம் மாலையில் டீயோடு உட்கார்ந்தால், ஐஸுக்கு அடம்பிடித்து அழுது ஓய்ந்த குழந்தை ஒன்றாவது கண்ணில் படும். கண்ணீர் காய்ந்திருக்கும், ஐஸும் கைக்கு வந்திருக்கும். மூச்சு மட்டும் இன்னும் இரண்டு மூன்று துண்டாக உள்ளே போய், ஒரே நீளமாக வெளியே வரும். அழுகை போன பிறகும் உடம்பு அதை விடவில்லை. இந்த விசும்பலை நினைவில் வைத்துக்கொள்வோம், இன்றைக்கு நமக்கு இது வேண்டும்.

நவீன நடனத்தில் உணர்ச்சி எப்படி வருகிறது? ‘ஃபீல் பண்ணி ஆடணும்’ என்பார்கள், டிவி நடுவர்கள் உட்பட. சோகம் வேண்டுமா, செத்துப்போன பாட்டியை நினைத்துக்கொள். நாம் எல்லோரும் நம்பியிருப்பது இதைத்தான். ஆனால் முதல் நாள் பாட்டியை நினைத்தால் அழுகை வரும், பத்தாம் நாள் வராது. வந்தாலும் தொண்டை அடைத்துத் தாளம் தப்பும். அதைவிடப் பெரிய சிக்கல், பாட்டி ஆடுபவரின் மனசில் இருக்கிறார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு அவர் எப்படித் தெரிவார்?

இதற்கு ஒரு விடை பக்கத்திலேயே இருக்கிறது. நம்மூரிலிருந்து ஆரோவில் பக்கம் போனால், இடையஞ்சாவடி சாலையில் ஆதிசக்தி இருக்கிறது. வீணாபாணி சாவ்லா 1981-ல் மும்பையில் தொடங்கி, 1993-ல் இங்கே கொண்டுவந்த குழு. நாடகக் குழுதான், ஆனால் அதன் பயிலரங்குகளுக்கு நடனக்காரர்களும் வருகிறார்கள். 2014-ல் வீணாபாணி மறைந்த பிறகும் அந்தப் பயிற்சி நடக்கிறது. கேரளத்தின் நாடகக் கலையான கூடியாட்டத்திலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்ட முக்கியமான பாடம், ஒவ்வொரு உணர்ச்சிக்கும் ஒரு மூச்சு உண்டு என்பது. மனசிலிருந்து உடம்புக்கு வருவதற்குப் பதில், உடம்பிலிருந்து மனசுக்குப் போகிற வழி.

டீயைக் கீழே வைத்துவிட்டு நாமே பார்க்கலாம். மூக்கால் மூச்சை மூன்று துண்டாக இழுங்கள், அந்தக் குழந்தை மாதிரி. காறையெலும்பு மூன்று படியாக ஏறுகிறது, கழுத்து குறுகுகிறது. இப்போது வாயால் மொத்தமாக விடுங்கள். நெஞ்சு உள்வாங்குகிறது, தோள் தொங்குகிறது. யாரையும் நினைக்கவில்லை, ஆனாலும் உள்ளே ஏதோ லேசாக அசைகிறது, இல்லையா? சிலிநாட்டு நரம்பியல் அறிஞர் சுசானா ப்ளாக் 1970-களில் இதைத்தான் ஆராய்ந்தார். கோபம், பயம், துக்கம், பரிவு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மூச்சும் நிற்கிற வாகும் இருப்பதைப் பதிவுசெய்து, நடிகர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். தமிழுக்கு இது புதிதில்லை. விம்மல், கேவல், பெருமூச்சு எல்லாம் மூச்சின் பெயர்கள்தானே. தொல்காப்பியம் உணர்ச்சிக்கு வைத்த பெயரே மெய்ப்பாடு, மெய்யில் தெரிவது.

இனி நடனம் அமைப்பவரின் வேலை. கோலத்தில் சின்னப் புள்ளி பெரிய சிக்கலாக விரிவதுபோல, இந்த மூச்சை அவர் விரிக்கிறார். மூன்று துண்டு மூச்சு, கை மேலே போகும் மூன்று வெட்டாகும். வெளிமூச்சு, முழங்கால் தளர்ந்து தரைக்கு வருவதாகும். நாலு நொடியில் முடிகிற விசும்பலை நாற்பது நொடிக்கு இழுத்தால், அழுகை என்றே அடையாளம் தெரியாது, ஆனால் பார்க்கிறவருக்கு நெஞ்சு கனக்கும். முகம் சும்மா இருக்கலாம், முதுகுகூடப் போதும். சென்னையில் நடன அமைப்பாளர் சந்திரலேகா கிட்டத்தட்ட அப்படித்தான் செய்தார். பரதத்தின் புன்னகையையும் முகபாவத்தையும் கழற்றி வைத்துவிட்டு, களரி, யோகா, முதுகெலும்பு என்று போனவர். 2001-ல் வந்த அவரது கடைசிப் படைப்பு ‘சரீரா’ மிக மெதுவாக நகரும். பொறுமை வேண்டும், ஒத்துக்கொள்கிறேன்.

‘அப்போ இது பொய்தானே?’ என்று கேட்பீர்கள். மூச்சை மட்டும் மாற்றத் தொடங்கியவருக்கு நிஜக் கண்ணீரே வந்துவிடுவதுண்டு, நிறுத்தச் சொன்னாலும் நிற்காது. அதனால்தான் ப்ளாக்கின் பயிற்சியில் உணர்ச்சியை விட்டு வெளியே வருவதற்கும் ஒரு முறை இருக்கிறது: சீராக மூச்சு விட்டு, முகத்தைக் கையால் தடவி, உடம்பின் வாகை மாற்றிக்கொள்ள வேண்டும்.