குர்பானித் தோலும் ராணிப்பேட்டை ஏரிகளும்

பக்ரீத் வந்தால் நம் டிரஸ்டுக்குத் தோல் வரும். திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் வீடு வீடாகச் சேகரித்து, மரக்காணம் உப்பைத் தடவி வியாபாரியிடம் கொடுக்கிறோம். வரும் தொகை ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குப் போகிறது. தோல் எங்கே போகிறது என்று மட்டும் நாம் கேட்டதில்லை.

தமிழ்நாட்டில் தோல் பதனிடும் ஆலைகள் அதிகம் உள்ளவை ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம்தான். முன்பு ஆவாரம்பட்டையில் ஊறவைத்து வாரக்கணக்கில் பதனிட்டார்கள். குரோம் உப்பு வந்தபின் ஓரிரு நாளில் வேலை முடிகிறது. ஆனால் போடும் குரோமியம் முழுவதையும் தோல் உறிஞ்சாது. மிச்சம் கழிவுநீரோடு வெளியேறும்.

சாணமும் இலைதழையும் மக்கிப்போகும். குரோமியம் உலோகம், மக்காது. ஆற்றில் விழுந்தால் வெள்ளத்தில் கொஞ்சமாவது நகரும். ஏரியில் அதுவும் இல்லை. கோடையில் தண்ணீர் வற்றும், உலோகம் சேற்றில் தங்கும். அடுத்த மழைத் தண்ணீர் அதே சேற்றின் மேல்தான் நிற்கும். அந்த வண்டலை அள்ளி நாம் வயலில் போட்டால் விஷமும் கூடவே போகும்.

ராணிப்பேட்டையில் குரோம் உப்பு தயாரித்த தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டது. அது விட்டுப்போன கழிவு லட்சக்கணக்கான டன். ஆலை மூடிப் பல வருடம் கழித்தும், மழை பெய்தால் அங்கிருந்து மஞ்சள் நீர் வழிந்தது. நிலத்தடி நீரிலும் இறங்கியது. அந்த மஞ்சளுக்குக் காரணமான ஆறிணைய குரோமியம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான் குரோமியத்துக்கு வரம்பு.

ஒளுச் செய்யும் தண்ணீரின் நிறம், சுவை, வாடை மாறியிருக்கிறதா என்று பார்க்க மத்ரஸாவில் படித்தோம். இந்த மூன்றும் மாறாத தண்ணீரிலும் வரம்பை மீறிய குரோமியம் இருக்கலாம். சோதனைக்கூடத்தில்தான் தெரியும்.

இதை எழுத நமக்குத் தயக்கம் இருந்தது. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி போன்றவை தோல் வியாபாரிகளின் தர்மத்தில் வளர்ந்தவை. அந்த நன்றியை மறக்க முடியாது. ஆனால் 1996 ஆகஸ்டில், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் மறக்க முடியாது. ஆலைகள் இருக்கும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பாழானதைக் குறிப்பிட்டு, மாசு செய்தவரே ஈடுகட்ட வேண்டும் என்றது. 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் இழப்பீட்டுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. அந்த நிலத்தை உழுதவர்களில் நம்மவர்களும் உண்டு.

தோலை வாங்க மாட்டோம் என்று டிரஸ்ட் சொல்லப்போவதில்லை. குழியில் புதைத்தால் ஏழைக்குச் சேர வேண்டியது வீண். இந்த வருடம் வியாபாரியிடம் ஒரு கேள்வி கேட்போம்: பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைந்த ஆலைக்குத்தான் தோல் போகிறதா? விலை சற்றுக் குறைந்தாலும் அப்படிப்பட்டவருக்கே கொடுப்போம்.

உப்பும் மக்காது. ஆகவே தோலில் இருந்து உதிரும் உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் கூட்டி அள்ளிச் சாக்கில் கட்டித் தாருங்கள். இரத்தத்தையும் குடலையும் ஏரிக்கரையில் போடாமல் குழி வெட்டிப் புதையுங்கள். குழி வெட்ட இடமில்லாத வீட்டார் முந்தின நாளே சொன்னால் பிள்ளைகளை அனுப்புகிறோம்.