சுங்கம் நீங்கும், சோதனை நீங்காது

2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் கையெழுத்திட்ட வர்த்தக ஒப்பந்தம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஸ்காட்ச் விஸ்கிதான். அதற்கான 150 சதவீத வரி முதலில் 75 ஆகவும், பத்தாண்டுகளில் 40 ஆகவும் இறங்கும். திருவள்ளூர் மாவட்டம் கவனிக்க வேண்டிய வரி வேறு. இறால் உள்ளிட்ட நம் கடல் உணவுகளுக்குப் பிரிட்டன் விதித்துவந்த 4.2 முதல் 8.5 சதவீதம் வரையிலான சுங்கத்தை இந்த ஒப்பந்தம் பூஜ்யமாக்குகிறது. இம்மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு சிப்காட் தொழிற்பேட்டையும் இரும்பு ஆலைகளும்தான். ஆனால் கும்மிடிப்பூண்டி, பொன்னேரி வட்டங்களில், பழவேற்காடு ஏரியையும் அதன் உப்பங்கழிகளையும் ஒட்டி இறால் பண்ணைகளும் இருக்கின்றன. வரி போய்விட்டது, இனி நல்ல காலம் என்று அந்தப் பண்ணைக்காரர்களுக்குச் சொல்வது அரை உண்மை. 100 ரூபாய்ச் சரக்கில் நான்கிலிருந்து எட்டரை ரூபாய் மிச்சமாவது நல்லதுதான். ஆனால் சோதனையில் ஒரு கன்டெய்னர் தோற்றால் போவது நூறு ரூபாயும், அதற்கு மேல் கப்பல் கூலியும். அதனால் இந்த ஒப்பந்தத்தின் பலனை முடிவு செய்யப்போவது சுங்கம் அல்ல, உணவுத் தரம்.

தரம் ஏன் விட்டுக்கொடுக்கப்படாது என்பதை பிரெக்ஸிட்டுக்குப் பிந்தைய விவாதத்திலிருந்து புரிந்துகொள்ளலாம். 2020 ஜனவரி 31 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் வெளியேறியபோது, உணவு விதிகளைத் தளர்த்தினால் அமெரிக்காவோடு சீக்கிரம் ஒப்பந்தம் போடலாம் என்று ஒரு தரப்பு கணக்குப் போட்டது. குளோரின் நீரில் கழுவிய கோழியும் ஹார்மோன் கொடுத்து வளர்த்த மாட்டிறைச்சியும் கடைக்கு வந்துவிடும் என்று மறுதரப்பு கொதித்தது. தரத்தைக் காக்கக் கோரி அந்நாட்டு விவசாயிகள் சங்கம் 2020-இல் தொடங்கிய மனுவில் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டார்கள். புதிய ஒப்பந்தங்களை ஆராய வர்த்தக, வேளாண் ஆணையம் ஒன்று சட்டப்படி அமைந்தது. 2021-இல் கையெழுத்தான ஆஸ்திரேலிய ஒப்பந்தம் நாட்டுக்கு அவ்வளவு நல்ல ஒப்பந்தம் அல்ல என்று வேளாண் அமைச்சராக இருந்த ஜார்ஜ் யூஸ்டிஸே 2022 நவம்பரில் நாடாளுமன்றத்தில் சொன்னார். கடைசியில் 2025 மே 19 அன்று நடந்த உச்சி மாநாட்டில், ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவு விதிகளை அடியொற்றிச் செல்லும் ஓர் உடன்பாட்டை நோக்கிப் பிரிட்டன் திரும்பியது. லண்டனுக்கு ஒரு தரம், பிரஸ்ஸல்ஸுக்கு ஒரு தரம் என்று நாம் எதிர்பார்த்திருந்தால் அதை விட்டுவிடலாம்.

அந்தத் தரம் எவ்வளவு கறாரானது என்பதற்கு நைட்ரோஃபியூரான் என்ற ஆன்டிபயாட்டிக் வகை ஒன்றே போதும். உணவுக்கு வளர்க்கும் உயிர்களுக்கு இதைக் கொடுக்கக் கூடாது என்பது ஐரோப்பிய விதி. அதன் எச்சம் ஒரு கிலோ இறாலில் அரை மைக்ரோகிராமை எட்டினால் சரக்கு நிராகரிக்கப்படும். ஆயிரம் டன் இறாலில் அரை கிராம் என்ற அளவு அது. மருந்து சில மணி நேரத்தில் சிதைந்துவிடும். ஆனால் சிதைந்த கூறுகள் தசைப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில் நிற்கும், சமைத்தாலும் போகாது. குட்டையில் வீசுவலை போட்டு எடுத்த மாதிரியை உரித்து, அரைத்து, அமிலத்தில் ஊறவைத்து அந்தக் கூறுகளைப் பிரித்தெடுத்து, நிறை நிறமாலைமானியில் ஆய்வகம் தேடுவது அவற்றைத்தான். இந்தியப் பண்ணை இறாலில் இவை அடிக்கடி தட்டுப்பட்டதால், 2016-இல் ஐரோப்பிய ஒன்றியம் எல்லைச் சோதனையை 10 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக்கியது. இரண்டு சரக்குக்கு ஒன்று சோதனைக்குப் போனால் தாமதமும் செலவும் ஏற்றுமதியாளர் தலையில் விழும். அவர் அதைக் கொள்முதல் விலையில் கழித்துக்கொள்வார்.

மருந்தை யார், ஏன் போடுகிறார்கள்? பண்ணைகளில் வளர்க்கும் வெனாமி இறாலுக்குக் கவுண்ட் கணக்கில் விலை. கிலோவுக்கு 30 நின்றால் ஒரு விலை, 100 நின்றால் அதில் பாதியளவுக்குக்கூட இறங்கும். கடன் வாங்கிக் குஞ்சு விட்டு, தீவனம் போட்டு, ஏரேட்டருக்கு டீசல் ஊற்றி இரண்டு மாதம் வளர்த்த நிலையில் இறால் செத்து ஒதுங்கினால், அப்போது யார் எந்தப் புட்டியை நீட்டினாலும் கை வாங்கிக்கொள்ளும். இப்படிச் சாகடிக்கும் வெள்ளைப்புள்ளி நோய் வைரஸால் வருவது; எந்த ஆன்டிபயாட்டிக்கும் அதைத் தீர்க்காது. அப்படியும் மருந்து விற்கிறது. தன் குட்டைக்கு என்ன நோய் என்று அன்றைக்கே சொல்ல ஆள் இல்லாதபோது, கடைக்காரர் சொல்வதே வைத்தியம்.

இந்தத் தரமெல்லாம் பணக்கார நாடுகள் நம் பொருளைத் தடுக்கக் கட்டிய மறைமுகச் சுவர் என்பது பலமான ஆட்சேபம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. அறிவியல் ஆதாரமின்றி உணவு விதிகளை வர்த்தகத் தடையாக்கக் கூடாது என்று உலக வர்த்தக அமைப்பின் 1995 உடன்படிக்கை சொல்வதே, அப்படி நடப்பதால்தான். ஆனால் இறால் விஷயத்தில் அந்த வாதம் நிற்காது. நைட்ரோஃபியூரான், குளோரம்ஃபெனிகால் ஆகிய ஆன்டிபயாட்டிக்குகளை இறால் பண்ணையில் பயன்படுத்த நம் நாட்டு விதிகளே தடை விதித்திருக்கின்றன. நாமே தடை செய்த மருந்தை அவர்கள் கண்டுபிடித்தால் அதைச் சூழ்ச்சி என்று எப்படிச் சொல்வது? 2024 ஏப்ரலில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் எச்சச் சிக்கலில் நம் மசாலாத் தூள் சிலவற்றின் விற்பனையை நிறுத்தியதும், பிரிட்டன் இந்திய மசாலா அனைத்துக்கும் சோதனையைக் கூட்டியது. சிலர் சரக்கு சிக்கினால் எல்லோர் சரக்கும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

சிறு பண்ணைக்காரரால் இந்தச் செலவைத் தாங்க முடியாது என்பது அடுத்த ஆட்சேபம், இதைவிட நியாயமானதும்கூட. அதற்குப் பதில் தரத்தைத் தாழ்த்துவதல்ல, செலவைப் பங்கிடுவது. அறுவடைக்கு முன்பே மாதிரியைச் சோதித்துச் சான்று தரும் ஏற்பாடு கடல்சார் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையத்திடம் இருக்கிறது. சிறு பண்ணைகளைச் சங்கங்களாகச் சேர்க்க அந்த ஆணையமே 2007-இல் ஒரு மையம் தொடங்கியது. பொன்னேரியில் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரியும், சென்னையில் உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனமும் அருகிலேயே இருக்கின்றன. சங்கம் சேர்ந்து மாதிரி கொடுக்க, நோய் பார்க்கவும் எச்சம் பார்க்கவும் அவற்றின் உதவி குட்டைக்கரை வரை வந்தால் செலவு கட்டுக்குள் நிற்கும். ஆனால் பதிவு இல்லாத பண்ணைக்கு இந்த வழி அடைபட்டிருக்கும். இறால் பண்ணைகள் பற்றிய வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், பழவேற்காடு ஏரியிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்றது. பிறகு வந்த 2005 கடலோர மீன்வளர்ப்பு ஆணையச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கியது. எந்தக் குட்டையில் வளர்ந்தது என்று காட்ட முடியாத இறாலுக்கு ஐரோப்பாவில் இடமில்லை. எனவே எது பதிவுக்குத் தகும், எது மூடப்பட வேண்டும் என்று மாவட்ட நிர்வாகம் தெளிவாகப் பிரித்துச் சொல்வதும் வர்த்தகக் கொள்கைதான்.

பண்ணைக்காரர் எவ்வளவு ஒழுங்காக நடந்தாலும் அவர் கைக்கு மீறிய ஒன்று உண்டு. இறாலில் மருந்தை மட்டும் தேடுவதில்லை. ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களுக்கும் உச்சவரம்பு இருக்கிறது. ஈயம் உருக்கும் ஆலைகளும் இரும்பு ஆலைகளும் இயங்கும் தொழிற்பேட்டை ஒருபுறம், உப்பங்கழியை நம்பிய பண்ணையும் மீன்பிடிப்பும் மறுபுறம் என்ற இந்த வட்டாரத்தில், கழிவுநீர்க் கண்காணிப்பு சுற்றுச்சூழல் ஆர்வலர்களின் கவலை மட்டுமல்ல. வாய்க்கால் நீரிலும் சேற்றிலும் உலோக அளவை ஒழுங்காக எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டால், அது பண்ணைக்கும் பாதுகாப்பு, விதிப்படி நடக்கும் ஆலைக்கும் பாதுகாப்பு.

இவ்வளவும் வெள்ளைக்காரன் தட்டுக்காகவா என்று கேட்கலாம். பிரிட்டன் நம் பெரிய சந்தையும் இல்லை. 2024-25-இல் இந்தியா ஏற்றுமதி செய்த கடல் உணவின் மதிப்பு 62,408 கோடி ரூபாய். அதில் பெரும் பங்கு இறால், முதல் வாடிக்கையாளர் அமெரிக்கா. அந்த அமெரிக்கா 2025 ஆகஸ்டில் வரியை 50 சதவீதமாக ஏற்றியபோது, ஒரே சந்தையை நம்புவதன் ஆபத்து புரிந்தது. பிரிட்டன் சோதனையில் தேறும் சரக்குக்கு ஐரோப்பாவின் மற்ற சந்தைகளிலும் மதிப்பு உண்டு. அதைவிட முக்கியமானது, எல்லையில் நிராகரிக்கப்படும் எச்சம் நம் ஊர்ச் சந்தையில் சோதனையின்றிக் கடந்து போகக் கூடாது என்பது. தடை இரு இடத்துக்கும் ஒன்றே. தேடிப் பார்ப்பதில்தான் ஏற்றத்தாழ்வு. வர்த்தக ஒப்பந்தத்தால் தட்டில் என்ன வந்து விழும் என்று பிரிட்டிஷ் மக்கள் தங்கள் அரசைக் கேட்டார்கள். அந்தக் கேள்வியை நாமும் கேட்கலாம்: ஏற்றுமதி இறாலுக்கு நடக்கும் சோதனையில் எத்தனை பங்கு உள்ளூர் மீன் சந்தையில் நடக்கிறது, அதன் முடிவு எங்கே வெளியாகிறது? அதற்கு ஒழுங்கான பதில் வரும் மாவட்டத்தின் இறாலை நம்பி வாங்க, லண்டனில் மட்டுமல்ல, பொன்னேரியிலும் ஆள் இருக்கும்.