கடலைத் தாண்டிய விளக்கு வணிகர்

பறப்பதற்கென்றே கைப்பொருளைத் தொலைத்தவர் பலருண்டு. பறந்தே அதனை மீட்டவர் மிகச் சிலர். பிரான்சு நாட்டு லூயி பிளேரியோ அச்சிலருள் ஒருவர்.

1872ஆம் ஆண்டிலே காம்பிரே நகரிற் பிறந்த இவர், பாரிசிற் பொறியியல் கற்றுத் தேறினார். அக்காலத்து மோட்டார் வண்டிகள் இரவில் வழிகாணாது திண்டாடின. அவற்றுக்கு அசற்றலீன் வாயுவில் எரியும் முகவிளக்குகளைச் செய்து விற்று, இளமையிலேயே பெரும்பொருள் ஈட்டினார். அவ்வளவில் அமைந்திருப்பின் மனைவி மக்களோடு நலமே வாழ்ந்திருப்பார். நாமும் அவரை அறிந்திரோம்.

விளக்குத் தந்த பணமெல்லாம் பறக்கும் பொறிகளிலே கரைந்தது. 1900 அளவில் இறக்கையடிக்கும் பொறியொன்று செய்தார், அது பயன்படவில்லை. 1905இல் சேன் நதியில் மோட்டார்ப் படகினால் இழுக்கப்பட்ட எஞ்சினில்லாத பொறியொன்று நீரில் வீழ்ந்து, அதனைச் செலுத்திய கபிரியேல் வுவாசேன் அரிதில் உயிர் தப்பினார். ஒன்று உடைய மற்றொன்று, அதுவும் உடைய இன்னொன்று. பதினோராம் எண் பெற்ற பொறி உருவானபோது செல்வம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. அவர் மனைவி அலிசின் நிலையையும் எண்ணிப் பார்க்கிறோம். எலும்பு முறியுமோ, குடும்பம் முறியுமோ என்னும் இரண்டு அச்சங்களும் அவ்வம்மையாருக்கு உரியவையன்றோ!

ஆங்கிலக் கால்வாயை விமானத்திற் கடப்போருக்கு லண்டன் டெயிலி மெயில் பத்திரிகை 1,000 பவுண் பரிசு அறிவித்திருந்தது. 1909 யூலை 19இல் லத்தாம் என்பவர் புறப்பட்டு, நடுவழியில் எஞ்சின் நின்றுவிடக் கடலில் இறங்கினார். பிளேரியோவோ, முன்னைய பறப்பொன்றிற் புகைக்குழாய் சுட்ட காலோடு ஊன்றுகோலிற் சாய்ந்து கலே நகரருகே காத்திருந்தார். காற்றடங்கிய 25ஆம் நாள் விடியற்காலையில் எழுந்தார். எஞ்சினின் வலிமை 25 பரிவலு மாத்திரமே. திசையறி கருவியும் இல்லை. காவலுக்கு வந்த கடற்படைக் கப்பலில் அலிஸ் நின்றார். கப்பலைக் கடந்து சென்றபின், சில நிமிட நேரம் நிலமுமில்லை, கப்பலுமில்லை. மூடுபனியும் நீருமே கண்ணிற் பட்டன. பின்னர் இங்கிலாந்தின் கரையைக் கண்டு திரும்பி, டோவர்க் கோட்டையருகே புல்வெளியொன்றில் இறங்கினார். இறங்கினாரென்பதிலும் விழுந்தாரென்பதே பொருந்தும். சுழல்விசிறியும் சக்கரங்களைத் தாங்கிய சட்டமும் உடைந்தன. சென்ற நேரம் ஏறக்குறைய 37 நிமிடம்.

அவ்வாண்டு முடியுமுன் நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் வேண்டுமென்று பலரும் கேட்டனர். டிசம்பரில் துருக்கியின் இஸ்தான்புல் நகரில் வீடொன்றின்மீது வீழ்ந்து விலாவெலும்பு முறிந்தபின், போட்டிப் பறப்பைக் கைவிட்டு, விமானம் செய்வதிலும் விமானிகளைப் பயிற்றுவதிலும் ஈடுபட்டார்.

அவர் துணிவுக்குக் கால்வாயையே எல்லோரும் சான்று காட்டுவர். நாம் காட்ட விரும்புவது வேறொன்று. அவர் செய்த விமானங்கள் சில வானிலேயே இறக்கை முறிந்து வீழ்ந்தன. பிறர் உயிர்கள் போயின. 1912இல் பிளேரியோ பிரெஞ்சு அரசுக்கு அறிக்கையொன்று சமர்ப்பித்தார். பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளையாதபடி இழுத்துப் பிடிக்கும் கீழ்க்கம்பிகள் வலியனவாயிருந்தன. ஆனால், விமானத்தைத் திடீரெனக் கீழ்நோக்கித் திருப்பும்போது காற்று மேலிருந்து அழுத்தக்கூடும். அதனைத் தாங்கவேண்டிய மேற்கம்பிகள் போதா என்பதை அவர் எடுத்துக்காட்டினார். அதன்பின் ஒற்றையடுக்கு இறக்கை விமானங்களைப் பறக்கவிடாது இராணுவம் சில காலம் தடுத்தது. அவர் பெரும்பாலும் விற்றது அவ்வகையையே! தம் சரக்கின் குறையை வாங்குவோரிடம் தாமே சொல்லும் வணிகரை நம் கடைவீதியிற் காண்பது அரிது.

பின்னர், நொடித்துப்போன விமானக் கம்பனியொன்றைப் பிளேரியோவும் கூட்டாளிகளும் வாங்கினர். முதலாம் உலகப் போரிற் புகழ்பெற்ற ஸ்பாட் போர் விமானங்கள் அங்கிருந்தே வெளிவந்தன. 1936இல் பாரிசில் அவர் காலமானார்.

கால்வாயைத் தாண்டிய அந்த விமானம் பாரிசு நகரின் கலை, தொழில் அருங்காட்சியகத்திலே, பழைய தேவாலயமொன்றின் கூரையின்கீழ் இன்றும் தொங்குகின்றது. இறக்கையின் மேற்கம்பிகளையும் கீழ்க்கம்பிகளையும் அண்ணாந்து பார்க்கலாம்.