கற்பிட்டிக் கரையில் இறங்கும் குளிசை

தலவில அன்னம்மாள் திருவிழாவுக்கு பஸ் பிடித்துப் போய்வந்த குடும்பங்களுக்குக் கற்பிட்டிப் பக்கம் புதிதல்ல. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் புத்தளம் களப்பு, நடுவே மணலும் தென்னையும். 2020 இல் மஞ்சள் இறக்குமதியை நிறுத்தியபோது, இந்தியாவிலிருந்து மஞ்சள் மூட்டைகள் திருட்டுத்தனமாக வந்து இறங்கிய கரைகளில் அதுவும் ஒன்று. பீடி இலையும் அப்படித்தான் வருகிறது. அண்மைய ஆண்டுகளில் அதே வழியாக வந்து, கடற்படையினரிடம் பலமுறை பிடிபட்ட இன்னொரு சரக்கு 'பிரெகபலின்' என்னும் குளிசை.

"கொழுந்து பறிக்கிற எங்களுக்கு இது எதுக்குங்க?" என்று கேட்பீர்கள். கடைவேலைக்குக் கொழும்புக்குப் போயிருக்கும் நம் பிள்ளைகளை நினைத்துத்தான் எழுதுகிறோம். கஞ்சா, தூள் என்றால் பயந்து விலகுகிற பிள்ளை, "இது வெறும் மருந்துடா" என்று ஒருவன் நீட்டினால் யோசிக்காமல் வாங்கிவிடும்.

மருந்து என்பது பொய்யில்லை. வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் டாக்டர்மார் இதை எழுதிக் கொடுக்கிறார்கள். சீனி வியாதியால் பாதம் எரிந்து இரவெல்லாம் தூங்க முடியாதவர்களுக்கு இது பெரிய உதவி. அளவுக்கு மீறி துடிக்கும் நரம்பை அமைதிப்படுத்துவதுதான் அதன் வேலை. அதையே போதைக்காகப் பல குளிசைகளாக விழுங்கும்போது தலை மிதக்கும், நடை தள்ளாடும், பேச்சுக் குழறும். கசிப்போடு அல்லது 'டிரமடோல்' போன்ற வலிக் குளிசையோடு சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு மெதுவாகி நின்றுவிடவும் கூடும். குடித்துவிட்டுப் படுத்தவன் காலையில் எழும்பவில்லை என்றால், கசிப்பை மட்டும் குறை சொல்லிவிட முடியாது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். நமது நாட்டில் 1929 ஆம் ஆண்டிலிருந்தே நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் பற்றிய கட்டளைச் சட்டம் இருக்கிறது. 1984 இல் அதைக் கடுமையாக்கினார்கள். 2 கிராம் ஹெரோயின் வைத்திருந்தாலே மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்றானது. 2022 இல் 'ஐஸ்' போதைப்பொருளையும் அதில் சேர்த்தார்கள். குளிசையின் கதை வேறு. நோயாளிக்குத் தேவையான ஒன்றை ஹெரோயினைப் போல ஒரேயடியாகத் தடுத்துவிட முடியாதல்லவா? அதனால் இங்கே சட்டம் பிடிப்பது விற்பனையைத்தான். 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கத் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் மருந்தை இறக்குமதி செய்வதும் விற்பதும் குற்றம். இதே குளிசையை டாக்டரின் துண்டோடு பாமசியில் வாங்கினால் மருந்து. பெட்டிக்கடையிலோ பஸ் ஸ்டாண்டிலோ கைமாறினால் வழக்கு. இங்கிலாந்தில் 2019 ஏப்ரலில் இன்னும் ஒரு படி மேலே போய், துண்டில்லாமல் வைத்திருப்பதையே குற்றமாக்கிவிட்டார்கள்.

சட்டம் இறுகுவதை நாம் வரவேற்கிறோம். ஆனால் ஒரு கவலையும் உண்டு. சரக்குக்குச் சொந்தக்காரன் கரையில் நிற்பதில்லை, பஸ்ஸிலும் ஏறுவதில்லை. பார்சலைத் தூக்கிக்கொண்டு போகிற பையன்தான் மாட்டுகிறான். "முதலாளி குடுத்தாரு, கொண்டு போனேன், உள்ள என்ன இருக்குன்னு தெரியாதுங்க" என்று அவன் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். நீதிமன்றத்தில் அதை நிரூபிப்பது லேசான காரியமில்லை. ஆகவே லீவில் ஊருக்கு வரும்போது யார் எதைக் கொடுத்தனுப்பினாலும் பிரித்துப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். மாட்டிக்கொண்டால், லோயருக்குக் கொடுக்கக் காசில்லாத குடும்பம் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளையைத் தேடிப் போகலாம்.

வீட்டில் ஒரு பிள்ளை ஏற்கெனவே பழகிவிட்டது என்று தெரிந்தால், குளிசையைப் பிடுங்கி அடுப்பில் போட்டுவிட்டு அறையில் பூட்டி வைக்காதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வியர்வை, தூக்கமின்மை, சிலருக்கு வலிப்பும் வரும். டாக்டரிடம் கூட்டிப் போய் கொஞ்சங் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்துக்கு போன் போட்டும் ஆலோசனை கேட்கலாம். கிளினிக்கில் இதே குளிசை எழுதிக் கொடுத்திருக்கும் பெரியவர்கள் பயந்துபோய் நிறுத்திவிட வேண்டாம். குளிசையை அட்டையோடேயே வைத்திருங்கள், வெளியூர் போகும்போது கிளினிக் கொப்பியையும் துண்டையும் கையோடு கொண்டு போங்கள்.