எச்.ஆர். கதவுக்குப் பின்னால் என்ன நடக்குது?

உஷ்! சத்தம் போடாம வாங்க. 'எச்.ஆர்.'னு பலகை தொங்குற ஃபேக்டரி அறைக்குள்ள எட்டிப் பார்க்கப் போறோம். ஏசி, லேப்டாப், சுழல் நாற்காலி... எல்லாம் சரி. மேஜை நடுவுல என்ன அது? தேதி கிழிக்கிற காலண்டர்!

முகூர்த்த நாள் எது, ஆடிப்பெருக்கு என்ன கிழமை, சித்திரையில கூவாகம் திருவிழா எப்போ... அன்னைக்கெல்லாம் ஷிஃப்டுக்கு ஆள் குறையும். அதை ஒரு மாசம் முன்னாடியே மோப்பம் பிடிக்கணும். பி.பி.ஏ. பாடப்புத்தகத்துல இதுக்குப் பேரு 'மேன்பவர் பிளானிங்'!

இன்னொரு ரகசியம். கள்ளக்குறிச்சிப் பக்கம் இந்த வேலையைக் காலங்காலமா பார்க்கிறவர் மேஸ்திரி. கரும்பு வெட்டுக்கும், கல்வராயன் மலையிலிருந்து கேரளா, குடகு தோட்டங்களுக்கும் ஆள் சேர்க்கிறது அவர்தான். நோட்டுல பேரு ஏறினா ரெக்ரூட்மென்ட். வண்டியில ஏறினா ஆன்போர்டிங். அவர் கொடுத்த முன்பணம் கழியுற வரைக்கும் நகர முடியாதே, அதான் ரிடென்ஷன்! சிரிச்சாச்சா? இந்த நோட்டுக்குக் கடிவாளம் போடற படிப்புதான் எச்.ஆர்.ங்கற மனிதவள மேலாண்மை.

இப்போ சம்பள நாள் க்யூவைப் பாருங்க. ஒரு அக்கா கேக்கறாங்க: "என் காசுல ஏன் புடிச்சீங்க?" இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்காம பதில் சொல்லணும். மாசச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள்ள இருந்தா இ.எஸ்.ஐ. காப்பீட்டுக்குத் தொழிலாளி தர்றது 0.75 சதவீதம், முதலாளி தர்றது 3.25 சதவீதம். வைத்தியமும் பிரசவ காலப் பணமும் அதுல இருந்துதான் வருது. இதை அந்த அக்காவுக்குப் புரிய வெச்சா பாதி வேலை முடிஞ்சது.

வேலை வாய்ப்பா? 1948 தொழிற்சாலைச் சட்டப்படி 500 பேர் வேலை செஞ்சா, தொழிலாளர் நலன் பார்க்கிற வெல்ஃபேர் ஆபீசர் கட்டாயமா இருந்தார். 2025 நவம்பர் 21 அன்னைக்கு அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புல அந்த எண் 250. எண் பாதியாச்சு, நாற்காலி கூடுது! நம்ம கள்ளக்குறிச்சி மாவட்டத்துலயே, உளுந்தூர்பேட்டை சிப்காட்டுக்காக தைவானின் பௌ சென் காலணிக் குழுமம் 2023 ஏப்ரல்ல 2,302 கோடிக்கு ஒப்பந்தம் போட்டது. 20,000 பேருக்கு வேலைன்னு சொன்னாங்க. அத்தனை பேரையும் யாராவது சேர்க்கணுமே!

எங்கே படிக்கலாம்? எம்.பி.ஏ. மட்டும்தான் வழின்னு இல்ல. 1952ல தொடங்கின மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் இருக்கு. தொழிலாளர் மேலாண்மைக்குன்னே சென்னையில தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம் இருக்கு. ஆனா ஒண்ணு: வெல்ஃபேர் ஆபீசர் பதவிக்கு அரசு ஏத்துக்கிட்ட படிப்பான்னு, ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.

கடைசியா, காதைக் குடுங்க. அந்தப் பதவிக்கான தகுதிகள்ல ஒண்ணு, தொழிலாளிகள்ல பெரும்பாலானவங்க பேசற பாஷை தெரியணும்ங்கறது. கல்வராயன் மலையில இருக்கிற வெள்ளிமலையில பஸ் ஏறி காலேஜுக்கு வர்ற பொண்ணு அதைப் படிக்கவே வேண்டாம். வீட்டுல பேசறதே போதும். புதிய சட்டம் இன்னொண்ணும் சொல்லுது: வேலைக்குச் சேர்ற ஒவ்வொருத்தருக்கும் நியமனக் கடிதம் கொடுத்தே ஆகணும். 1976 வரைக்கும் ஜாகிர்தார்கள் கையில இருந்த மலை கல்வராயன். அந்த மலைக்காரர் ஒருத்தருக்குப் போற கடிதத்துல, கீழே அந்தப் பொண்ணோட கையெழுத்து இருந்தா எப்படி இருக்கும்!