இறக்கைக்குள் ஒரு மவுத் ஆர்கன்

நெய்வேலி சுரங்கத்தில் நின்றிருக்கும் கன்வேயர் பெல்ட் மறுபடி ஓடத் தொடங்குமுன் சைரன் ஒலிக்கும். பக்கத்தில் இருப்பவர் விலகிக்கொள்ள அந்தச் சில நொடிகள் போதும். பெல்ட் நகர்ந்த பிறகு சைரன் அடித்து யாருக்கும் பயனில்லை.

அதே ஊரில் ஒரு விமான ஓடுதளமும் இருக்கிறது. ஒரு காலத்தில் வாயுதூத் விமான நிறுவனத்தின் சிறிய விமானங்கள் வந்துபோன இடம். அத்தகைய சிறிய விமானங்களிலும் ஒரு சைரன் உண்டு. அதற்கு ‘ஸ்டால் வார்னிங்’ என்று பெயர். கம்பெனி தயாரிக்கும் விமானம் என்றால், ஸ்டாலுக்கு முன் விமானிக்குத் தெளிவான எச்சரிக்கை கிடைத்தாக வேண்டும் என்பது விதி. ஆனால் வீட்டிலேயே கட்டும் விமானத்துக்கு, அந்தக் கலை செழித்த அமெரிக்காவில்கூட, இந்தக் கட்டாயம் இல்லை. வைப்பதும் விடுவதும் கட்டுகிறவர் பாடு. வைத்தே தீர வேண்டும் என்பதற்கான காரணம் இறக்கையிலேயே இருக்கிறது.

வீட்டில் விமானமா என்று வியக்க வேண்டியதில்லை. 1910இல் சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திவந்த டி’ஏஞ்செலிஸ், தானே வடிவமைத்த இரட்டை இறக்கை விமானத்தை சிம்ப்சன் நிறுவனத்தில் கட்டவைத்துப் பல்லாவரத்தில் பறந்து பார்த்தார். நம் காலத்தில் மும்பை விமானி அமோல் யாதவ் அடுக்குமாடி வீட்டின் மொட்டைமாடியில் ஆறு இருக்கை விமானம் ஒன்றைக் கட்டினார். அதைப் பறக்கவிட 2019இல் அனுமதியும் வாங்கினார். அமெரிக்காவின் வேன்ஸ் நிறுவனம் விற்ற உதிரிபாகப் பெட்டிகளிலிருந்து 11,000க்கும் மேற்பட்ட விமானங்கள் பறந்திருக்கின்றன.

சரி, ஸ்டால் என்றால் என்ன? இன்ஜின் நின்றுபோவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இன்ஜினுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சிறுவயதில் வடலூர் பஸ்ஸின் ஜன்னலில் கையை நீட்டி அம்மாவிடம் திட்டு வாங்கியவர்களுக்கு இது எளிதில் புரியும். உள்ளங்கையின் முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கினால் காற்று கையை மேலே ஏற்றும். இன்னும் தூக்கினால் இன்னும் ஏற்றும். ஓர் அளவைத் தாண்டியதும் தூக்குவது குறைந்து, கையைப் பின்னால் தள்ளத் தொடங்கிவிடும். இறக்கையும் அப்படித்தான். காற்றை அது எதிர்கொள்ளும் கோணம் ஏறக்குறைய 15 டிகிரியைத் தாண்டினால், மேற்பரப்பை ஒட்டி வழுக்கிப் போய்க்கொண்டிருந்த காற்று பிய்த்துக்கொள்கிறது. தூக்கும் விசை சரிகிறது. விமானம் விழுகிறது.

தன் கையால் கட்டிய கிளைடர்களில் ஏறக்குறைய 2,000 முறை பறந்த ஜெர்மானியர் ஓட்டோ லிலியந்தால் 1896 ஆகஸ்டில் இப்படித்தான் சுமார் 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து, மறுநாள் இறந்தார்.

வேகமானியைப் பார்த்து ஓட்டினால் போதாதா? போதாது, ஆபத்தே இங்குதான் இருக்கிறது. நேராகப் பறக்கும்போது மணிக்கு 90 கிலோமீட்டரில் ஸ்டாலாகும் விமானத்தை, உயரம் குறையாமல் 45 டிகிரி சாய்த்துத் திருப்பினால் 107இலேயே ஸ்டாலாகும். 60 டிகிரி சாய்த்தால் 127. ஓடுதளத்தை நோக்கிக் கடைசியாகத் திரும்பும் விமானி, அதன் நேர்க்கோட்டைத் தாண்டிவிட்டோமே என்று பதறி இன்னும் சாய்த்து இழுக்கும்போது, ‘100தானே காட்டுகிறது’ என்று முள்ளை நம்பினால் தீர்ந்தது. தரை சில நூறு அடியில். மீள இடமில்லை.

ஆகவே அளக்க வேண்டியது கோணத்தை. ஸ்டால் விபத்து ஒன்றை நேரில் கண்ட லியனார்ட் கிரீன் என்ற அமெரிக்கர் அதற்கொரு கருவி செய்து, 1946இல் அதற்காகவே சேஃப் ஃப்ளைட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். இறக்கையின் முன்விளிம்பில் நகம்போல நீட்டிக்கொண்டிருக்கும் சின்னத் தகடு, அதன் பின்னால் ஒரு மைக்ரோ ஸ்விட்ச். விளிம்பில் மோதும் காற்று மேலும் கீழுமாகப் பிரியும் இடம், கோணம் கூடக்கூடக் கீழே இறங்கும். அந்த இடம் தகட்டைத் தாண்டி இறங்கியதும், மேல்நோக்கிப் பாயும் காற்று தகட்டைத் தூக்கிவிடும். ஸ்விட்ச் ஒட்டும், ஹாரன் அலறும்.

செஸ்னா 172 ரகச் சிறு விமானத்தில் அந்த ஸ்விட்சும் வயரும்கூடக் கிடையாது. இடது இறக்கையின் விளிம்பில் ஒரு துளை, உள்ளே குழாய், குழாயின் முனையில் மவுத் ஆர்கனில் இருப்பது போன்ற ரீடு. கோணம் கூடினால் துளையருகே அழுத்தம் குறைந்து காற்றை வெளியே உறிஞ்சும், ரீடு முனகும். இதைச் சோதிக்க விமானி துளைமேல் சுத்தமான கைக்குட்டையை வைத்து வாயால் உறிஞ்சிப் பார்ப்பார். காக்பிட்டிலிருந்து ‘ஊம்ம்’ என்று சத்தம் வந்தால் சரி. வரவில்லை என்றால் குளவி கூடு கட்டியிருக்கலாம்.

வீட்டு விமானத்தில் கருவியை வாங்குவது சுலபம், இடம் கண்டுபிடிப்பதுதான் பாடு. விசிறி அடிக்கும் காற்று படாத தூரத்தில் இருக்க வேண்டும். புது வீட்டில் பூச்சு வேலைக்கு முன் வயரிங் பைப் பதிப்பதுபோல, இறக்கைத் தகட்டை ரிவெட் அடித்து மூடுமுன் வயர் போகும் வழியை அமைக்க வேண்டும். கை நுழையும் அளவு ஒரு மூடியும் வேண்டும், ஏனென்றால் பின்னால் அதைத் திறந்தே ஆகவேண்டியிருக்கும். இன்ஜின் இரைச்சலில் பஸ்ஸர் அமுங்கிவிடும் என்பதால் ஹெட்செட்டுக்கே ஒலியைக் கொடுப்பது நல்லது. இப்போதைய டைனான், கார்மின் நிறுவனங்களின் காக்பிட் திரைகள் இரண்டு துளைகளின் அழுத்த வித்தியாசத்தில் கோணத்தைக் கணக்கிட்டு, ஆபத்து நெருங்க நெருங்க ‘பீப்’ ஒலியை விரைவாக்குகின்றன. அவற்றையும் பறந்துதான் பழக்கப்படுத்த வேண்டும்.

முதல் சோதனைக்குப் பல ஆயிரம் அடி உயரம் ஏறுகிறார் கட்டியவர். இன்ஜினைத் தணித்து மூக்கைத் தூக்குகிறார். ஹாரனுக்கும் ஸ்டாலுக்கும் இடையே மணிக்கு பத்துப் பதினைந்து கிலோமீட்டராவது இடைவெளி வேண்டும். ஹாரனும், ஸ்டாலாகும் விமானத்தின் உதறலும் ஒன்றாக வந்தால் அது எச்சரிக்கையே இல்லை. ஃபிளாப் இறக்கியும், இன்ஜினைக் கூட்டியும் மறுபடி பார்க்கிறார். கீழே இறங்கி மூடியைத் திறந்து, திருகைத் தளர்த்தி, ஹாரன் இன்னும் முந்தி ஒலிக்கும்படி தகட்டை ஒரு மில்லிமீட்டர் மேலே நகர்த்தி இறுக்குகிறார். பென்சிலால் பழைய இடத்தைக் குறித்துக்கொண்டு மறுபடி ஏறுகிறார்.